வாசலில் ஒரு முழம் மண்

 

பங்குனி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் இரண்டு வேலைகள் கூடிவிடும். வேம்பும் புங்கனும் உதிர்த்த சருகைக் கூட்டுவது ஒன்று; முதல் கோடை மழை பெய்த மறுநாள் புறக்கடையில் கிளம்பும் களையைப் பறிப்பது மற்றொன்று. நோன்பு மாதம் பருவங்களைச் சுற்றி வருவது. பங்குனியோ ஆண்டுதோறும் அதே வெயிலோடும் அதே சருகோடும் வந்து நிற்பது. இந்த நாட்களில் நம் மதரஸாப் பிள்ளைகளை அஸர் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் மண்ணில் இறக்குவதை நாம் வழக்கமாக வைத்திருக்கிறோம். கூட்டுதல், கொத்துதல், பாத்தி கட்டுதல், நீர் ஊற்றுதல் ஆகிய அனைத்தும் அவர்கள் பொறுப்பு.

சென்ற ஆண்டு ஒரு தந்தையார் வந்தார். கோபமாக வரவில்லை, வருத்தமாகவே வந்தார். "ஹஜ்ரத், நாங்கதான் வெயில்ல கிடந்து பாடுபடறோம். பையனாவது ஓதிப் பெரிய ஆளாகட்டும்னு அனுப்புனா, அவன் கையில மண்வெட்டியைக் கொடுக்கறீங்களே" என்றார். அவருடைய உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது. அவர் கேட்டதில் தவறு இல்லை. உழைத்துக் களைத்த ஒருவர், தம் பிள்ளைக்கு அந்தக் களைப்பு வேண்டாம் என்று நினைக்கிறார். அன்று அவரிடம் நாம் சுருக்கமாகவே பேசினோம். அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததை இங்கே முழுமையாக எழுத விரும்புகிறோம். ஏனெனில் இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று.

மண்வெட்டி பிடித்த கை தாழ்ந்த கை என்றால், நம் நாயகத்தின் (ஸல்) கை என்ன கை? ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரின்போது மதீனாவைக் காக்கக் குழி தோண்டியவர்களோடு அண்ணலாரும் மண் சுமந்தார்கள். அவர்களுடைய வயிற்றின் வெண்மையைப் புழுதி மறைத்திருந்தது என்று பராஉ (ரலி) கண்டு சொன்ன செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. ஸல்மான் பாரிசீ (ரலி) அடிமைத்தளையிலிருந்து மீண்ட வரலாறும் நாம் அறிந்ததே. 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தர வேண்டும், 40 ஊக்கியா பொன்னும் தர வேண்டும் என்பது அவருடைய எசமான் விதித்த விலை. தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று தம்மால் இயன்ற அளவு கன்றுகளைக் கொண்டுவந்தனர். குழிகள் தோண்டப்பட்டன. கன்றுகளை நட்டது அண்ணலாரின் திருக்கரம். அவற்றுள் ஒன்றும் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) சொன்னதாக முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். ஒரு மனிதனின் விடுதலையே தோட்ட வேலையாக அமைந்தது. அந்த வேலையை வேறு எவரிடமும் விட்டுவிடாமல் இறைத்தூதரே குனிந்து செய்தார்கள்.

ஆகவே பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுப்பதால் அவனுடைய ஓதலில் ஒரு பங்கு குறைவதில்லை. ஓதியதன் பொருளை அவன் கண்ணால் காண்பதற்கு அதுவே வழி என்பது நம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். நம் பகுதியில் குச்சிக்கிழங்கு பயிரிடாத ஊர் குறைவு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் எல்லாம் அதை நம்பியே ஓடுகின்றன. அறுவடை முடிந்த வயலிலிருந்து சில குச்சிகளைக் கேட்டு வாங்கி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கணு மேல்நோக்கி இருக்குமாறு மதரஸாக் கொல்லையில் பிள்ளைகளை ஊன்றச் செய்தோம். வேர் இல்லை, இலை இல்லை. அடுப்பெரிக்க வைத்த விறகுபோல் இருந்தது. ஊன்றிய பிள்ளைகளுள் ஒருவன், ஒரு மாதத்துக்கு முன் தன் நன்னாவை அடக்கம் செய்த வீட்டைச் சேர்ந்தவன். அவன் நான்கைந்து நாட்கள் தொடர்ந்து அந்தக் குச்சியைப் பார்த்துவிட்டு, "இது செத்துப் போச்சா ஹஜ்ரத்?" என்று கேட்டான். பொறுத்திருந்து பார் என்று மட்டும் சொன்னோம். பத்து நாட்களுக்குப் பிறகு கணுவில் சிவப்பாய் ஒரு முளை எட்டிப் பார்த்தது. அவன் ஓடிவந்து நம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டினான். பின்னர் மெதுவாக, "அப்ப நன்னாவும் இப்படித்தான் எழுந்திருப்பாங்களா?" என்றான்.

வறண்டு கிடக்கும் பூமி மழை பட்டதும் அசைந்து எழுவதைச் சுட்டி, அதற்கு உயிர் கொடுத்தவனே இறந்தோருக்கும் உயிர் கொடுப்பவன் என்று ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தின் 39-ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்த வசனத்தை நாம் அந்த வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். பிள்ளைகள் மனனமாகச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அந்தச் சிறுவனின் கேள்வி மனனத்திலிருந்து வரவில்லை. மறுமையை நம்ப வேண்டும் என்று நாம் கற்பித்தோம். எப்படி நம்புவது என்பதைக் கணுவில் வந்த முளை அவனுக்குக் காட்டியது.

களை பறிப்பதிலும் பாடம் உண்டு. நம் செம்மண்ணில் கோரைப்புல்லைக் கண்டிராதவர் யார்? கையால் இழுத்தால் தாள் மட்டும் வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மூன்றாம் நாள் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டும். களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டினால்தான் அது ஓயும். பொறாமை, புறம்பேசுதல், சினம் ஆகிய நோய்களைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "தாளை இழுக்காதே, கிழங்கைத் தோண்டு" என்று சொன்னால் போதும், அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. நாவை அடக்கிவிட்டு நெஞ்சில் பகையை வைத்திருப்பது தாளை மட்டும் பறித்த கதைதான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம்.

விதைத்த பின் காத்திருப்பது மூன்றாவது பாடம். நீங்கள் விதைப்பதை முளைக்கச் செய்பவர் நீங்களா, நாமா என்ற பொருளில் அல்வாகிஆ அத்தியாயத்தில் அல்லாஹ் வினவுகிறான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்பு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டும்படி அண்ணலார் அறிவுறுத்தியதாகத் திர்மிதீயில் வரும் செய்தியும் இதனோடு சேர்ந்ததே. குழி தோண்டுவதும் நீர் ஊற்றுவதும் நம் வேலை; முளையைக் கொண்டுவருவது நம் வேலை அன்று. அவசரப்பட்டு விதையைத் தோண்டிப் பார்த்த பிள்ளைகளின் விதை முளைக்கவில்லை. தவக்குலுக்கு இதைவிட எளிய விளக்கம் நமக்குக் கிட்டவில்லை.

மண்ணிலிருந்து பாடம் பெறுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்கள் இதே பருவத்தில் தங்கள் தவக்காலத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். விதைப்பவனின் உவமை அவர்களுடைய வேதத்தில் பெயர்பெற்றது. குர்ஆனும் அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் இறுதி வசனத்தில், இன்ஜீலில் உள்ள உவமை என்று குறிப்பிட்டே, முளைவிட்டுத் தண்டு தடித்து, விதைத்தவர்களை மகிழ்விக்கும் பயிருக்கு நம்பிக்கையாளர்களை ஒப்பிடுகிறது. பக்கத்து வீட்டாரோடு வேலிக்கு இருபுறமும் நின்று களை பறிக்கும்போது பேசிக்கொள்வதற்கு இதைவிட நல்ல பொருள் உண்டோ?

இனி, நம் தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா முற்றத்துக்குச் சிமெண்ட் தளம் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, முதலில் தலையசைத்தவர்களுள் நாமும் ஒருவர். புழுதி இருக்காது, தேள் வராது, மழையில் சேறு ஆகாது என்பன காரணங்கள். இடைஞ்சலாக நின்ற வேம்பும் வெட்டப்பட்டது. அடுத்த சித்திரையில் பிள்ளைகள் செருப்பில்லாமல் முற்றத்தைக் கடக்க முடியவில்லை. பெய்த மழையெல்லாம் வாயில் வழியாகத் தெருவுக்கு ஓடியது. பின்பக்கம் பத்தடி மண் மட்டும் தப்பியது. இன்று பிள்ளைகள் கொத்துவது அந்தப் பத்தடியைத்தான்.

தேளும் பாம்பும் பொய்யான அச்சங்கள் அல்ல என்பதை அறிவோம். குழந்தைகள் உள்ள வீட்டில் நடைபாதைக்குத் தளம் வேண்டும்; வயதானவர்கள் வழுக்காமல் நடக்க வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் நடைக்கு வேண்டிய தளம் மூன்றடி. நாம் போடுவதோ சுவருக்குச் சுவர். காவிரிக் கரையோரம் நீங்கலாக இந்தச் சமவெளியின் பெரும்பகுதி கிணற்றையும் மழையையும் நம்பியது. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-இல் கட்டாயமாக்கியதை நாம் எல்லாரும் அறிவோம். சட்டத்துக்காகக் குழாயை இறக்கிவிட்டு, மறுபுறம் மண்ணின் வாயைச் சிமெண்டால் அடைப்பது என்ன நியாயம்?

நீரின் அருமையை நம் ஷரீஅத்தே கணக்கில் எடுத்திருக்கிறது. மழையால் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கு, நீர் இறைத்து விளைவித்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கு என்று ஜகாத்தை நபிகளார் வகுத்தார்கள். நீருக்காகப் படும் பாட்டுக்கு மார்க்கம் தந்த மதிப்பு அது. அண்ணலார் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்று புகாரீயிலும் முஸ்லிமிலும் வருகிறது. அறிஞர்களின் கணக்கில் அது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. நாம் ஒரு நாள் குழாயடியில் வாளி வைத்துப் பார்த்தோம்; ஒருவர் உளூச் செய்து முடிக்குமுன் ஐந்து லிட்டருக்கு மேல் நிரம்பிவிட்டது. 40 பேர் உளூச் செய்யும் ஒரு வேளைக்கு 200 லிட்டர். ஐந்து வேளைக்கு 1000 லிட்டர். அவ்வளவும் சாக்கடைக்குச் செல்கிறது.

உளூச் செய்த நீர் மீண்டும் உளூவுக்கு ஆகாதே தவிர, அது தூய்மையான நீர்தான் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் உள்ள தீர்ப்பு. சோப்பு கலவாத அந்த நீர் தென்னைக்கும் முருங்கைக்கும் மிக நன்று. ஒரு குழாயும் ஒரு சிறு கால்வாயும் போதும். பள்ளிவாசல் வளாகத்திலோ, அருகிருந்தால் மையவாடியிலோ, நிழல் மரங்கள் நிற்கும். முத்தவல்லிகளும் ஜமாஅத் பெரியவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உம்மு முபஷ்ஷிர் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் பேரீச்சந்தோட்டத்துக்கு நபிகளார் சென்றிருந்தபோதுதான், ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ விலங்கோ பறவையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற கருத்தைச் சொன்னார்கள் என்று முஸ்லிமில் உள்ளது. புறக்கடைக் கறிவேப்பிலையை அண்டை வீட்டார் ஒடித்துச் சென்றால் முகம் சுளிக்க வேண்டாம். கணக்கு வேறோர் ஏட்டில் ஏறுகிறது. கூட்டிய சருகை மாலையில் கொளுத்தி அடுத்த வீட்டு நோயாளியை இரும வைக்காமல், ஒரு குழியில் இட்டு மூடினால், சில மாதங்களில் அதுவே எருவாகும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பது ஈமானின் அடையாளம் அல்லவா?

நாம் கேட்பது பெரிதன்று. புதுவீடு கட்டுவோர் வாசலில் ஒரு முழமாவது மண்ணை விட்டுவையுங்கள். தளம் போட்டுவிட்டவர்கள் ஒரு மரத்துக்கு வேண்டிய அளவு பெயர்த்தெடுங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு களைக்கொத்தைக் கொடுங்கள். மறுமை நாள் வந்துவிட்டபோதும் கையில் ஒரு கன்று இருந்தால், இயன்றவரை அதை நட்டுவிடுமாறு பணித்த நபியின் உம்மத் நாம்.

அந்தத் தந்தையார் இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்கக்கூடும். அவர் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பங்குனியில் மகனை அழைத்துப்போக வந்தவர், பாத்தி கோணலாக இருப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மண்வெட்டியை வாங்கி அவரே நேராக்கிக் கொடுத்தார். மகன் அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வல்ல ரஹ்மான் நம் மண்ணையும் நம் உள்ளங்களையும் உயிர்ப்பிப்பானாக! நம் பிள்ளைகளை வேர் ஊன்றிய நல்ல மரங்களாக வளரச் செய்வானாக! ஆமீன்.