மூத்தோரின் மறதியும் நம் மரியாதையும்



சில மாதங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தம் தந்தையை அழைத்துக்கொண்டு மதரஸாவுக்கு வந்தார். "ஹஜ்ரத், அத்தா வேண்டுமென்றே எங்களைச் சோதிக்கிறார். லுஹரை இரண்டு முறை தொழுகிறார், அஸரை விட்டுவிடுகிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும் சோறு போடவில்லை என்கிறார். ஏதேனும் ஓதிப் பாருங்கள்" என்றார். ஐம்பது ஆண்டுகள் கடை நடத்தி, கணக்கை மனத்திலேயே போட்ட பெரியவர், நான் யாருடைய மகன் என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். நான் ஓதினேன், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள் என்றேன். மருத்துவமனையில் தேதி, கிழமை, கூட்டல் கழித்தல் கேட்டார்கள். படித்தவராகையால் பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டார். "வயதானால் இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறினால், வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களில் பள்ளிக்கூடத்தையே பார்த்திராத மலையாளிப் பழங்குடி மூதாட்டிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் 100இலிருந்து 7ஐக் கழிக்கச் சொன்னால் விழிப்பார்கள். சாமை விதைக்கும் பருவத்தையும் கடுக்காய் உதிரும் காலத்தையும் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். கேள்வி தவறானால், நோயுள்ளவர் நலமானவராகவும் நலமானவர் நோயாளியாகவும் ஆகிவிடுவார்.

இந்தச் சிக்கலைத் தம் ஆய்வு வாழ்வின் முக்கியப் பணியாக எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் மேரி கங்குலி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர், நோய்ப்பரவலியல் ஆய்வாளர். பென்சில்வேனியாவில் தொழில் நலிந்த மொனோங்காஹேலா பள்ளத்தாக்கின் முதியோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். விஜய் சந்திரா முதலான ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 1990களில் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களிலும் அதே ஆய்வை நடத்தினார். எழுத்தறியாத முதியோருக்கென நினைவுத் தேர்வையே அவர்கள் மாற்றியமைத்தார்கள். 'கண்ணை மூடு' என்ற எழுத்தைப் படித்துச் செய்யச் சொல்வதற்குப் பதிலாக, "நான் செய்வதைப் போலச் செய்யுங்கள்" என்று கூறிக் கண்ணை மூடிக் காட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லுங்கள்" என்றார்கள். அந்த ஹிந்தித் தேர்வு 1995இல் வெளியானது. அன்றாடச் செயல்களைப் பற்றிக் குடும்பத்தாரிடம் கேட்கும் கேள்விப் பட்டியல் ஒன்றையும் தனியே உருவாக்கினார்கள். 1998இல் வெளியான முடிவின்படி, அக்கிராமங்களில் 65 வயதைக் கடந்தோருள் மறதி நோய் உள்ளவர்கள் 1.36 விழுக்காட்டினர் மட்டுமே.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கே.எஸ். ஜேக்கப் குழுவினர், கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 1000 பேரை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான மருத்துவ அளவுகோலின்படி மறதி நோயாளிகள் 0.8 விழுக்காட்டினர், கல்வியறிவின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட அளவுகோலின்படி 10.6 விழுக்காட்டினர். ஒரே மக்கள், ஏன் இத்தனை வேறுபாடு? அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருப்பதைக் குடும்பத்தார் சொன்னால்தான் பழைய அளவுகோல் அதனை நோய் என்று ஏற்கும். நம் வீடுகளிலோ முதியவரிடம் எந்தப் பொறுப்பும் இருப்பதில்லை. சோறு போட மருமகள், கணக்குப் பார்க்க மகன், கைபிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்லப் பேரன். குறை வெளியே தெரிவதே இல்லை.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: நம் மரியாதையே சில வேளைகளில் நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அந்தத் திரை கிழியும் நாளில், அதுவரை காட்டிய மரியாதை ஏச்சாக மாறுகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருமே இதில் அதிகம். அவர்களுள் எத்தனை பேர் 'பிடிவாதக்காரர்' என்றும் 'ஜின் பிடித்தவர்' என்றும் பெயர் வாங்கியிருப்பார்களோ!

மார்க்கம் இதில் நம்மை இருளில் விடவில்லை. அறிந்த பின் எதையும் அறியாதவராகிவிடும் தள்ளாத பருவத்தைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயம் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் அப்பருவத்திலிருந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேடியுள்ளார்கள். ஆகவே இது இழிவன்று. மனிதருக்கு நேரக்கூடிய நிலை. அறிவு நீங்கியவர் மீது கடமை இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படை. ரக்அத் தவறிய தந்தையை அதட்டித் திரும்பத் தொழவைக்கும் மகன், தந்தைக்கு இல்லாத கடமைக்காகத் தன் மீதுள்ள கடமையை மீறுகிறான்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தொலைவில்தான் உள்ளன. 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வீடு தேடி வருகிறார்கள். சாப்பிட்டதை மறந்து மீண்டும் கேட்கிறாரா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா என்று அவர்கள் மருமகளிடமும் மகளிடமும் கேட்கட்டும். மலையில் மலையின் பேச்சிலேயே கேட்கட்டும். "ஓதிப் பாருங்கள்" என்று முதலில் நம்மிடம்தான் வருகிறார்கள். ஆகவே இமாம்களும் உஸ்தாதுகளும் இவ்வறிகுறிகளைக் கற்றிருக்க வேண்டும். தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் குறையக்கூடும். இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை உள்ளிட்ட 14 காரணிகளைக் கவனித்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 'லான்செட்' ஆணையம் 2024இல் கூறியது.

அந்தப் பெரியவர் இப்போதும் மஃக்ரிபுக்கு வருகிறார். பேரன் அருகில் நிற்கிறான். அவர் தவறினால் யாரும் அதட்டுவதில்லை. நம் முதுமையிலும் இத்தகைய கரங்களை வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக! ஆமீன்.