கடைக்காரர் அனுப்பும் செய்தி: எழுத்தா, படமா?

நம் சங்க உறுப்பினர்களில் சொந்தத் தொழில் செய்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். லேக் மார்க்கெட் பக்கம் காப்பிப்பொடியும் அப்பளமும் விற்பவர்கள், வீட்டிலிருந்தே இட்லி மாவும் பட்சணமும் செய்து கொடுக்கும் தாய்மார்கள், கல்யாணச் சமையல் ஒப்புக்கொள்பவர்கள், ஊருக்குப் புடவை அனுப்புகிறவர்கள் என்று பலர். வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவதென்றால் பழையபடி எஸ்.எம்.எஸ். போதுமா, வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் குரல்பதிவும் அனுப்புவதுதான் நல்லதா என்று இவர்களில் சிலர் என்னிடம் கேட்டார்கள். தேயிலைத் தரகு ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கடிதம், தந்தி, டெலக்ஸ் என்று காலம் தள்ளியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனாலும் அபிப்பிராயம் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகை, தேதி, எண்ணிக்கை, விலாசம், வாக்குறுதி ஆகிய ஐந்தும் வெறும் எழுத்தில் போக வேண்டும். அதுவும் வாங்குகிறவருக்குத் தெரிந்த மொழியில் போக வேண்டும். கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டிய சரக்குக்கு மட்டும் படம்.

இந்தியாவில் தந்தி பிறந்ததே நம் கல்கத்தாவில்தான். மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷாக்னசி 1839-ல் இங்கே கம்பி கட்டிப் பரிசோதனை செய்தார். 1850-ல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் தந்தித் தடம் போட்டார்கள். அதன் பிறகு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த ஊர் வியாபாரம் வார்த்தைக்குக் காசு கொடுத்து நடந்தது. 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடினார்கள். வார்த்தைக்குக் காசு என்றால் மனிதன் யோசித்து எழுதுவான். கம்பெனிகள் தங்கள் விலாசத்தையே ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிப் பதிவு செய்துகொண்டிருந்தன. கல்யாண வாழ்த்துக்குக்கூட ஓர் எண்ணைச் சொன்னால் போதும், வாசகத்தைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்!

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். தந்தி கொடுத்த அன்றே அதன் நகல் தபாலில் போகும். டெலிபோனில் விலை பேசினாலும் மாலைக்குள் உறுதிக் கடிதம் டைப் ஆகிவிடும். காதால் கேட்டதையும் அவசரத்தில் வந்ததையும் நம்பி யாரும் சரக்கை ஏற்றமாட்டார்கள். இப்போது நாம் குரல்பதிவை மட்டும் நம்பிச் சரக்கை ஏற்றுகிறோம்.

குரல்பதிவில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் வங்காளி எண்களை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். இருபத்தேழுக்கு ‘ஷாதாஷ்’, எண்பத்தேழுக்கு ‘ஷாதாஷி’. கடைசியில் ஓர் இகரம், அவ்வளவுதான் வித்தியாசம். என் சகலை வீட்டுச் சீமந்தத்துக்கு 87 நாற்காலி வேண்டுமென்று டெக்கரேட்டர் கடைக்குக் குரல்பதிவு அனுப்பினார். ட்ராம் மணியும் பஸ் ஹாரனும் நடுவே புகுந்ததில் அந்த இகரம் எங்கோ விழுந்துவிட்டது. வந்திறங்கியவை 27. தாங்கள் கேட்டது அதுதான் என்று கடைக்காரர் சாதித்தார். பதிவைப் பத்து முறை போட்டுக் கேட்டும் பஞ்சாயத்து தீரவில்லை. பெரியவர்கள் பலர் மாடிப்படியில் உட்கார்ந்து வளைகாப்புப் பார்த்தார்கள். ‘87’ என்று இரண்டே இலக்கம் எழுத்தில் போயிருந்தால் இத்தனை ரகளை இல்லை.

படத்துக்கும் நியாயமான இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கரியாஹாட்டில் ஒரு தாந்த் புடவையைச் சென்னையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு எழுத்தில் எப்படி வருணிப்பது? ‘மயில்கழுத்து’ என்று எழுதினால் அவர் மனத்தில் ஒரு நிறம் தோன்றும், கடைக்காரர் மனத்தில் வேறொன்று. வங்காளி வீட்டாருக்கு வாழையிலைச் சாப்பாட்டை விளக்க நூறு வார்த்தையைவிட ஒரு போட்டோ மேல். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சரக்குகளைப் படத்தோடு அடுக்கிவைக்கும் வசதி இருப்பது நம் சிறு வியாபாரிகளுக்குப் பெரிய உதவி. இதற்கு முன் எம்.எம்.எஸ். என்று ஒன்று வந்தது நினைவிருக்கலாம். செலவும் அதிகம், போனில் அமைப்புகளை மாற்றும் தொல்லையும் உண்டு. போதாக்குறைக்கு 2004-ல் டில்லியில் நடந்த ஒரு விவகாரத்தில் அந்தப் பெயரே கெட்டுப்போயிற்று. நம் நாட்டில் அது வேரூன்றவில்லை. அதன் வேலையை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது.

ஆனால் புடவைப் படத்தின் மேலேயே விலையை அழகான வளைவெழுத்தில் எழுதி அனுப்புகிறார்களே, அதைத்தான் வேண்டாமென்கிறேன். மூன்று மாதம் கழித்து அந்த விலையைத் தேடினால் கிடைக்காது. எழுத்தாக இருந்தால் ஒரு சொல்லைத் தட்டினால் போதும். பார்வை குறைந்தவர்களுக்குப் போன் எழுத்தைத்தான் சுலபமாக வாசித்துக்காட்டும், படத்துக்குள் புதைந்த எழுத்தில் தடுமாறும். நம் வீட்டுப் பாட்டிகள் பலர் இன்னும் பொத்தான் வைத்த போனில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் போய்ச் சேரவே சேராது, எஸ்.எம்.எஸ். சேரும்.

இங்கேதான் நமக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. இதைப் பலர் கவனித்ததில்லை. 1992 டிசம்பர் 3-ல் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் முதல் எஸ்.எம்.எஸ். அனுப்பினார். அந்த ஏற்பாட்டில் ஒரு செய்திக்கு ஒதுக்கிய இடம் 140 பைட். ஆங்கில எழுத்தானால் அதில் 160 அடங்கும். தமிழோ வங்காளியோ ஆனால் வழக்கமான முறையில் 70-தான். அந்த 70-உம் நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து, ஏனென்றால் இகரக் கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். ‘கொல்கத்தா’ நமக்கு ஐந்து, அதற்கு ஒன்பது. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஆக, தாய்மொழியில் எழுதினால் இரட்டிப்புச் செலவு! வியாபாரிகள் ஆங்கிலத்துக்குப் போனதற்கும், நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். தமிழில் அனுப்ப விரும்பியவர்கள் தமிழைப் படமாக்கி அனுப்பினார்கள். நோக்கம் நல்லதுதான், வழிதான் சரியில்லை.

செலவைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. ‘உங்கள் ஆர்டர் தயார். ரூ.450. மாலை 6 மணிக்குள் வரவும்.’ என்ற வாசகத்தை நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கொம்பு, புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 53. கடையின் பெயருக்கு இன்னும் 17 இடம் பாக்கி இருக்கிறது. தந்தி எழுதிப் பழகிய தலைமுறைக்கு இது பெரிய வித்தை இல்லை. ‘எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் நல்லாதரவுக்கு நன்றி’ என்று ஆரம்பித்தால்தான் எழுபது போதாது.

மொத்தமாகப் பலருக்கு அனுப்புவதானால் விதிமுறைகள் உண்டு. டிராய் 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி நிறுவனத்தின் பெயரையும் அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதைக் கண்டிப்பாக அமல்படுத்திய 2021 மார்ச்சில் பாங்க் ஓ.டி.பி. முதலியவையே வந்து சேராமல் நாடு திண்டாடியது. டிராய் ஒரு வாரம் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 2025 முதல் அனுப்புகிறவர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தும் வருகிறது. விளம்பரமானால் பி, சேவையானால் எஸ், பணப் பரிவர்த்தனையானால் டி, அரசாங்கமானால் ஜி. கெடுபிடி அதிகம் என்று நம் வியாபாரிகள் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு இது பிடித்திருக்கிறது. எஸ்.எம்.எஸ்.ஸிலும் மோசடி வராமல் இல்லை. மின்சாரத்தைத் துண்டிக்கப் போகிறோம் என்று மிரட்டி எத்தனை பேரை ஏமாற்றினார்கள்! ஆயினும் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு வருகிறதே, அதைத் தொட்டு நிறுவிவிட்டால் போனே திருடன் கைக்குப் போய்விடும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து கோப்பு வந்தால் நானே திறப்பதில்லை. நியாயமான கடைக்காரர் அனுப்பும் கோப்பையும் வாடிக்கையாளர் அப்படித்தானே பார்ப்பார்?

இந்த வாதத்துக்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது. இங்கே பள்ளியில் ஆங்கிலம், வங்காளி, ஹிந்தி என்றே படித்தவர்கள் அவர்கள். ‘மாமி, தமிழில் அனுப்பாதீங்கோ, வாய்ஸ் போடுங்கோ’ என்று மாவு வாங்கும் இளம்பெண் கேட்டால் என்ன செய்வது? வாய்ஸ் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். குரலில் இருக்கும் நெருக்கம் எழுத்தில் வராது. அதன் கீழே ‘2 கிலோ, ரூ.160, சனி காலை 9’ என்று ஒரு வரி தட்டிவிடுங்கள், அவளுக்குத் தெரிந்த எழுத்திலேயே. அந்தக் காலத்து உறுதிக் கடிதத்துக்கு இதுதான் இன்றைய வாரிசு.

கடைசியாக, நம் சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. விழா அறிவிப்புகள் தங்கப் பார்டர் போட்டு, மூலைக்கு மூலை குத்துவிளக்கு வைத்து, படமாகவே வருகின்றன. பார்க்க லட்சணமாக இருக்கின்றன. ஆனால் எந்த ஹால், எத்தனை மணி என்று கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. பொத்தான் போன் வைத்திருக்கும் மூத்த உறுப்பினர்கள் மறுநாள்தான் விழா நடந்ததைக் கேள்விப்படுகிறார்கள். செயற்குழு அன்பர்கள் படத்தை நிறுத்த வேண்டாம். அதனுடன் தேதி, நேரம், இடம், போக வேண்டிய பஸ் நம்பர் ஆகியவற்றை இரண்டு வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் செய்து எஸ்.எம்.எஸ்.ஸாக எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வாசகத்தை எழுபதுக்குள் சுருக்கித் தர ஆள் வேண்டுமானால், மாலை நேரங்களில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.