மதுவுக்கு மார்க்கு

உலகத்தில் எதற்குத்தான் பத்திரிகை இல்லை? தையலுக்கு உண்டு, தபால் தலைக்கு உண்டு, கோழி வளர்ப்புக்கும் உண்டு. ஆயினும் குடிப்பதற்கென்றே ஒரு பத்திரிகை என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, அவரே அதன் சந்தாதாரரோ என்று சற்று சந்தேகித்தோம். விசாரித்ததில் விஷயம் உண்மைதான். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் பிராங்க் கெல்லி ரிச் என்பவர் 1996-ம் வருஷத்தில் 'மாடர்ன் டிரங்கார்டு', அதாவது 'நவீன குடிகாரன்', என்னும் பத்திரிகையை ஆரம்பித்தார். கீழே விழும் வரையில் குடிப்பது மனிதனின் பிறப்புரிமை. அவ்வுரிமைக்காக எழுந்து நிற்பதே பத்திரிகையின் கொள்கை. விழுந்த பிறகு எழுந்து நிற்பவர் யார் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

குடிப்பதற்கு 86 விதிகளையும் அப்பத்திரிகை வகுத்தளித்தது. நமது வகுப்பில், தெளிந்த மூளையுடன் இருக்கும் பிள்ளைகளே பத்து விதிகளை ஒப்பிக்கத் திணறுகிறார்கள்! அமெரிக்க மதுக்கடைச் சிப்பந்திகளின் பரிபாஷையில் 'எண்பத்தாறு' என்றால், 'இந்த ஆளுக்கு இனி ஊற்றாதே. வெளியே அனுப்பு' என்று அர்த்தமாம். 87-வது விதியை, நடுநிசியில் கதவைத் திறந்துவிடும் வீட்டு அம்மாளிடம் கேட்டு எழுதியிருக்கலாம்.

இவராவது தலைப்பிலேயே உண்மையைப் போட்டுவிட்டார். கண்ணியமான பத்திரிகைகளின் சங்கதி வேறு. 1976-ல் தோன்றிய 'வைன் ஸ்பெக்டேட்டர்' திராட்சை மதுவுக்கு மார்க்குப் போடுவது. மொத்தம் 100, ஆனால் ஆரம்பமே 50. வாயில் வைக்க முடியாத சரக்குக்கும் பாதி மார்க்கு நிச்சயம்! இருபது வருஷம் விடைத்தாள் திருத்தியும் நமக்கு இந்தத் தாராளம் வரவில்லை. பையன்கள் காதில் இது விழாமலிருக்க வேண்டும்.

சிறந்த மதுப் பட்டியல் வைத்திருக்கும் உணவு விடுதிகளுக்கு இப்பத்திரிகை பரிசுப் பத்திரமும் அளிப்பதுண்டு. ராபின் கோல்ட்ஸ்டீன் என்னும் எழுத்தாளர், இத்தாலியில் மிலான் நகரத்தில் ஒரு விடுதி இருப்பதாக 250 டாலர் கட்டணத்துடன் விண்ணப்பம் அனுப்பினார். அந்த விடுதிக்கு அடுப்பு இல்லை, மேஜை இல்லை, கட்டிடமே இல்லை. உயர்ந்த ரகம் என்று அவர் காட்டிய பட்டியலிலோ, அதே பத்திரிகை முன்பு மட்டமென்று தள்ளிய மதுக்களையே பொறுக்கிச் சேர்த்திருந்தார். அவற்றில் ஒன்று பெயிண்டில் விடும் தின்னர் போலிருப்பதாகப் பத்திரிகையே எழுதியிருந்தது. இருந்தும் 2008-ல் பரிசு கிடைத்துவிட்டது!

பத்திரிகையாருக்கு மகா கோபம். பல முறை டெலிபோன் செய்ததாகவும், தானே பதில் சொல்லும் யந்திரம்தான் பேசியதாகவும் சொன்னார்கள். பரிசு தவறான இடத்துக்குப் போயிற்று என்று ஊரார் சிரித்தார்கள். நாம் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. வந்தவர் ஒருவரையும் தள்ளாட விடாத மதுக்கடை அந்த ஒன்றுதானே?