கரியைத் துடைத்தால் போதுமா?

மாணவர்களே, வீட்டில் தீப்பிடித்து அணைந்த பிறகு பலர் முதலில் செய்வது என்ன? கரியைத் துடைத்துச் சாயம் அடிப்பதுதான். கேட்டால், "கான்கிரீட்தானே, எரியாது" என்பார்கள். எரியாது, உண்மைதான். ஆனால் தூணும் உத்தரமும் பழைய வலிமையோடு நிற்கின்றன என்பதற்கு அது சான்றாகாது.

இறுகிய கான்கிரீட்டுக்குள்ளும் நீர் உண்டு. வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டியதும் நுண்துளைகளில் தங்கிய நீர் ஆவியாகத் தொடங்குகிறது. 400 பாகைக்கு மேல் சிமெண்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு சிதைந்து கால்சியம் ஆக்சைடாகிறது. 573 பாகையில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் உருமாறி விரிகிறது. நீரை இழந்த சிமெண்டோ சுருங்குகிறது. ஒன்று விரிய, மற்றொன்று சுருங்க, விரிசல் விழாமல் என்ன செய்யும்? ஏறக்குறைய 600 பாகையில் சாதாரணக் கான்கிரீட்டின் வலிமை பாதியாகிவிடலாம். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியும் அந்த வெப்பத்தில் தளர்ந்துவிடும். ஆனால் கம்பி ஆறியதும் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். கான்கிரீட்டால் அது முடியாது.

தீ அணைந்த பிறகும் சிக்கல் ஓயாது. கால்சியம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் ஹைட்ராக்சைடாகும்போது பருக்கிறது. புது விரிசல்கள் தோன்றுகின்றன. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்குமே, அதே வினைதான்.

வலிமையான கான்கிரீட்டாக இருந்தால் தப்பிக்குமா? இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடிச் சுரங்கத்தில் 1996 நவம்பரில் ஒரு சரக்கு ரயில் தீப்பற்றியது. சுரங்கச் சுவர் அடர்த்தி மிகுந்த, உயர்வலிமைக் கான்கிரீட்டால் ஆனது. அந்த அடர்த்தியே வினையாயிற்று. நீராவி வெளியேற வழியில்லாமல் சுவர் துண்டு துண்டாக வெடித்து உதிர்ந்தது. 45 சென்டிமீட்டர் தடிப்பில் சில இடங்களில் சில சென்டிமீட்டரே மிஞ்சியது. இதைத் தடுக்க இப்போது சுரங்கக் கான்கிரீட்டில் பாலிப்புரொப்பிலீன் இழைகளைக் கலக்கிறார்கள். தீயில் அவை உருகி, நீராவிக்கு வழிவிடுகின்றன. பிளாஸ்டிக்கைத் திட்டியே பழகிய நமக்கு இது வேடிக்கைதான்!

சாயத்துக்கு வருவோம். 300 பாகையை எட்டிய கான்கிரீட் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக மாறும். அதிலுள்ள கல்லிலும் மணலிலும் இருக்கும் இரும்புச் சேர்மங்களே காரணம். ஆறிய பிறகும் அந்த நிறம் மறையாது. அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தே, வெப்பம் எதுவரை ஊடுருவியது என்று பொறியாளர்கள் கணிக்கிறார்கள். பூச்சும் சாயமும் அந்தத் தடயத்தை மூடிவிடும். ஆகவே, கடுந்தீ கண்ட வீட்டைப் பொறியாளர் சோதிக்காமல் சாயம் அடிக்கக் கூடாது என்பது என் கருத்து. செலவு என்று பெரியவர்கள் தயங்கலாம். நீங்கள் தயங்காமல், "உத்தரத்தின் உள்நிறத்தை யாராவது பார்த்தார்களா?" என்று கேளுங்கள்.