நெல்லிக்காய் அளவு சாக்லேட் உருண்டை!

பிரேசில் நாட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால், மேஜையில் 'பிரிகடெய்ரோ' இல்லாமல் இருக்காது. கண்டென்ஸ்டு மில்க், கோகோ பவுடர், கொஞ்சம் வெண்ணெய் - மூன்றே சாமான்தான். அடுப்பில் வைத்துக் கிண்டி, ஆறவைத்து, உருட்டி, பொடிப்பொடியான சாக்லேட் மணிகளில் புரட்டி, சின்னச் சின்ன காகிதக் கிண்ணங்களில் அடுக்கிவிடுவார்கள். வாழ்த்துப் பாட்டு முடிவதற்குள்ளேயே வாண்டுகள் கையை நீட்ட ஆரம்பித்துவிடும்!

'இதில் சித்த வைத்தியருக்கு என்ன வேலை?' என்று நினைப்பீர்கள். பிரேசிலில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பதி என்னிடம் கேட்டார்கள்: "டாக்டர், கோகோ இதயத்துக்கு நல்லதாமே? அப்ப பேரனுக்குத் தினம் ரெண்டு உருண்டை கொடுக்கலாம்தானே? அங்கே டப்பா நிறைய செஞ்சு வெச்சிருக்காங்க."

கூடாதுங்க. பிரிகடெய்ரோ அருமையான விருந்துப் பண்டம். அதை மருந்தாக்கவும் வேண்டாம், தினப்படித் தீனியாக்கவும் வேண்டாம். இதுதான் என் கட்சி.

பெயர் வந்த கதையைக் கேளுங்கள். 1945 டிசம்பரில் அங்கே ஜனாதிபதி தேர்தல். விமானப்படை பிரிகேடியர் எடுவார்டோ கோமெஸ் போட்டியிட்டார். பிரேசில் பெண்களுக்கு 1932-ல் ஓட்டுரிமை கிடைத்திருந்தாலும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அவர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டது அந்தத் தேர்தலில்தான் முதல் தடவை. பிரிகேடியரின் ஆதரவாளர்களான பெண்கள் இந்த உருண்டையைச் செய்து விற்றுப் பிரசாரத்துக்குப் பணம் சேர்த்தார்கள் என்று சொல்கிறார்கள். ஜெயித்தது என்னவோ எதிர்த்து நின்ற டூட்ரா. ஆனால், இன்றைக்கும் குழந்தைகள் வாயில் இருப்பது தோற்றவர் பெயர்தான்!

இனி செய்முறை. 395 கிராம் டின் ஒன்று, கோகோ மூன்று மேஜைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. கோகோவைச் சலித்து, அடுப்பில் ஏற்றும் முன்பே பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். அடி கனமான பாத்திரம், சிறு தீ, மரக்கரண்டி. கையை எடுக்காமல் 10, 12 நிமிஷம் கிண்ட வேண்டும். கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும். சாய்த்தால் மொத்தமும் ஒரே திரளாக நழுவி வர வேண்டும். அதுதான் பதம். லேகியம் கிண்டிப் பழகிய எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. பதம் தப்பினால் லேகியம் கல்லாகும் அல்லது பாகாக வழியும், பிரிகடெய்ரோவும் அப்படியே. கொஞ்சம் முந்தி இறக்கிவிட்டால் கவலைப்படாதீர்கள். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் சாப்பிடுவது அங்கே தனி ரகம்!

வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, நன்றாக ஆறிய பிறகு, கையிலும் வெண்ணெய் தடவிக்கொண்டு உருட்டலாம். எந்த அளவில்? எங்கள் வைத்தியத்தில் லேகியத்துக்குச் சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு என்றெல்லாம் உண்டு. இதற்கு நெல்லிக்காயே அதிகபட்சம். ஒரு டின்னுக்கு 30 உருண்டை வரும்.

அளவைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு? ஒரு டின்னில் சேர்த்திருக்கும் சர்க்கரை சுமார் 170 கிராம். உருண்டைக்குக் கிட்டத்தட்ட 6 கிராம். மேலே ஒட்டும் மணிகளின் சர்க்கரை தனி. சேர்க்கும் சர்க்கரை மொத்த கலோரியில் 10 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவிகிதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்த 5 சதவிகிதம் பெரியவர்களுக்கே நாளைக்குச் சுமார் 25 கிராம்தான். நாலு உருண்டையில் கணக்கு முடிந்தது! குழந்தைக்கு அதற்கும் முன்பே முடிந்துவிடும். இனிப்பு மிஞ்சினால் கபம் கூடும் என்று நாங்கள் படித்ததும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

கோகோவில் நல்ல சத்துகள் இருப்பது உண்மைதான். ஆனால், காரம் சேர்த்துப் பதப்படுத்திய கோகோவில் அவை குறைந்துவிடும். மிச்சமிருக்கும் துளிக்காக இத்தனை சர்க்கரையை விழுங்குவது என்ன வைத்தியம்?

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஈரமில்லாத மூடிய டப்பாவில் வெளியே இரண்டு நாள், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அந்தத் தாக்குப்பிடிப்பு. நாளாக ஆக, சர்க்கரை பூத்து நறநறவென்று ஆகிவிடும். கிரீம் சேர்த்திருந்தால் வெளியே வைக்காதீர்கள். ஸ்ட்ராபெரி, திராட்சை பொதிந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் கழித்துச் சாப்பிட்டால்தான் ருசி. வீட்டில் டப்பா நிறைய இருந்தால் கை சும்மா இருக்குமா? வருகிற தலையை எண்ணி, ஆளுக்கு இரண்டு என்று உருட்டுங்கள். பிரேசில் அரசின் 2014-ம் ஆண்டு உணவு வழிகாட்டி, முடிந்தபோதெல்லாம் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறது. டி.வி. முன்னால் தனியாக டப்பாவைத் திறப்பது அந்தக் கணக்கில் வராது.

இதற்குத் தங்கைகளும் உண்டு. தேங்காயில் செய்வது 'பெய்ஜினியோ', அதாவது சின்ன முத்தம். உச்சியில் ஒரு கிராம்பு குத்தியிருக்கும். அதை எடுத்துவிட்டுக் குழந்தையிடம் கொடுங்கள். முந்திரிப்பழ வடிவில் பிடிக்கும் 'கஜுசினியோ'வில் இருப்பது பெரும்பாலும் வேர்க்கடலை; ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஆகாது.

"கண்டென்ஸ்டு மில்க்குக்குப் பதில் பாலைச் சுண்டவைத்துக் கருப்பட்டி போட்டால், சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?" என்பது அந்தத் தம்பதியின் அடுத்த கேள்வி. சித்த வைத்தியர் 'ஆமாம்' என்பார் என்ற எதிர்பார்ப்பு! கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பனங்கற்கண்டும் அப்படியே. 'சித்த முறை பிரிகடெய்ரோ' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சர்க்கரை நோயாளி ஆசைப்பட்டால் ஒரே ஒரு உருண்டை, அதுவும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்து, தன் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும். அதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கக்கூடாது.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சர்க்கரையே வேண்டாம் என்று 2019-ல் வந்த பிரேசில் வழிகாட்டி சொல்கிறது. முதல் பிறந்தநாளை அங்கே ஜாம்ஜாம் என்று கொண்டாடுவார்கள். தட்டில் இருப்பது விருந்தாளிகளுக்கு. பிறந்தநாள் குழந்தைக்கு அன்று வாழைப்பழம் மசித்துக் கொடுங்கள்.