எஞ்சியதைக் கொடுப்பதா, ஏற்றதைக் கொடுப்பதா?

நிவாரணம் என்றதும் எங்கள் நினைவுக்கு வருபவை அரிசி, பருப்பு, சீனி, பால்மா, உடுதுணி. வெள்ளம் வந்தாலும் மண்சரிவு வந்தாலும் பாடசாலையில் நாம் சேர்ப்பது இவற்றைத்தான். இவற்றுக்குப் பிறகு, பொதியின் ஓரத்தில் இடமிருந்தால், வீட்டில் யாரும் தொடாத ஒரு விளையாட்டுப் பெட்டியையும் திணித்து அனுப்புகிறோம். அந்தப் பெட்டியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அது போய்ச் சேரும் இடங்களுள் ஒன்று நாம் அதிகம் பேசாத ஓர் இடம். வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்த தாய்மாரும் அவர்களது பிள்ளைகளும் தங்கியிருக்கும் பாதுகாப்பு இல்லம்தான் அது.

எமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் அவரை ஒரு தங்குமிடத்தில் சேர்ப்பதற்கும், அந்த இடத்தின் முகவரி வெளியே தெரியாமல் பாதுகாப்பதற்கும் அச்சட்டம் இடமளிக்கிறது. 1987 முதல் இயங்கிவரும் ‘விமன் இன் நீட்’ போன்ற அமைப்புகள் இத்தகைய இல்லங்களை நடத்துகின்றன. சட்டத்தின் கண்ணில் அங்கே வருபவர் தாய். பிள்ளைகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள். போகலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். புத்தகப் பையையும் சைக்கிளையும் பக்கத்து வீட்டுக் கூட்டாளியையும் விட்டுவிட்டு, எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் வந்தவர்கள் அவர்கள்.

எனது சாச்சி அப்படியான ஓர் இல்லத்தில் தாய்மாருக்குத் தையல் சொல்லிக் கொடுக்கப் போகிறார். அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்கும் சொன்னதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அங்குள்ள பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “பின்னேரம்தான் மகள் நீளம்” என்றார். யோசித்துப் பார்த்தால் புரிகிறது. வீதியில் இறங்கி விளையாட முடியாது. ஒரு புகைப்படமோ ஓர் அழைப்போ இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடலாம் என்பதால் கைத்தொலைபேசிக்கும் கட்டுப்பாடு. சிலருக்குப் புதிய பாடசாலை ஒழுங்காகும் வரை படிப்பும் இல்லை. வெளியே போகாமல், சத்தம் போடாமல், தொலைபேசி இல்லாமல் விளையாடக் கூடியது எது? ஒரு பலகையும் சில காய்களும்தான்.

“உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு விளையாட்டா முக்கியம்?” என்று சிலர் கேட்கலாம். அபூ உமைர் என்ற சிறுவனின் சம்பவம் நாம் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் கேட்டதுதான். அவன் வைத்து விளையாடிய சின்னக் குருவி இறந்து போனது. கவலையோடிருந்த அந்தப் பிள்ளையிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். ஒரு சமூகத்தையே வழிநடத்திய பெருமானாருக்கு ஒரு பிள்ளையின் விளையாட்டுத் துணை அற்ப விடயமாகத் தெரியவில்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு, 1991இல் இலங்கையும் உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையும் விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. உரிமை என்றால் எஞ்சியதைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

என் கருத்தின் மையம் இதுதான். வன்முறை நடந்த வீட்டில் விதி என்று ஒன்று இருப்பதில்லை. நேற்றுச் சிரிக்க வைத்த அதே சொல் இன்று அடி வாங்கித் தரும். ஒருவருடைய முகத்தைப் பார்த்துத்தான் அன்றைய சட்டம் என்ன என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டுப் பலகையில் அப்படி இல்லை. காய் எப்படி நகரும் என்பது தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். பெரியவர் கோபப்பட்டாலும் அது மாறாது. ஒருவர் நகர்த்தினால் அடுத்தவரின் முறை வரும். அதை யாரும் பறிக்க முடியாது. எங்களுக்கு இது சாதாரணம். அந்தப் பிள்ளைக்கு இது நம்பிப் பழக வேண்டிய ஒரு புதிய விடயம். ஆகவே நாம் அனுப்பும் பெட்டி அந்த நம்பிக்கையைக் கெடுக்காததாக இருக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால், வழக்கமாக அனுப்பும் பெட்டிகளில் பல தேறாது. மூன்று காய் குறைந்த லூடோவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பொத்தானையோ புளியங்கொட்டையையோ வைத்துச் சமாளித்துவிடுவோம். ஏற்கெனவே பலவற்றை இழந்து வந்த பிள்ளை பெட்டியைத் திறந்ததும் காண்பது இன்னோர் இழப்பு என்றால், ‘உனக்கு இது போதும்’ என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம். ஒரு துண்டு தொலைந்த படப் புதிரும் அப்படித்தான். ஒரு மணி நேரம் பொறுமையாகச் சேர்த்த பிறகு நடுவில் ஓர் ஓட்டை.

அடுத்தது மொனோபொலி. பெரிய பெட்டி, பார்க்க அழகு, கொடுப்பவருக்கும் பெருமை. ஆனால் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். இடையில் சட்டத்தரணி வருவார், ஆலோசகர் கூப்பிடுவார், தம்பி அழுவான். ஆட்டம் பாதியில் நிற்கும். அது மட்டுமல்ல, அந்த ஆட்டமே வீடு வாங்குவதும், வாடகை கொடுக்க முடியாமல் ஒருவர் ஒருவராக வெளியேறுவதும், சிறைக்குப் போவதும்தான். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு, தந்தை விளக்கமறியலில் இருக்கக் கூடிய பிள்ளைக்கு, அது விளையாட்டாக இருக்குமா?

பாம்பும் ஏணியும் பற்றி நான் இரண்டு விதமாகவும் யோசித்தேன். கஷ்டப்பட்டு மேலே ஏறிய பிள்ளையைத் தன் பிழை எதுவுமின்றி ஒரு பாம்பு கீழே தள்ளுகிறது. இது சிலருக்குக் கசக்கலாம். மறுபக்கம், அதிர்ஷ்டத்தால் நடக்கும் ஆட்டத்தில் தோற்றவரை யாரும் ‘மொக்கு’ என்று சொல்ல முடியாது. ஐந்து வயதுப் பிள்ளையும் உம்மாவை வெல்லலாம். ஆகவே அதை முற்றாக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டுமே கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று விளையாட்டுகள் இருந்தால் எது வேண்டும் என்று பிள்ளையே எடுத்துக்கொள்ளும். தன் விருப்பம் கேட்கப்படாமலே இடம் மாறிய பிள்ளைக்கு அந்தத் தெரிவே பெரிது.

எமது சமூகத்துக்கே உரிய ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். பகடை உருட்டி ஆடும் ‘நர்த்’ ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை எல்லாப் பகடை ஆட்டங்களுக்கும் பொருத்தும் அறிஞர்கள் இருக்கிறார்கள். சூதோடு சேர்ந்ததற்கு மட்டும் பொருத்துவோரும் இருக்கிறார்கள். இதில் தீர்ப்புச் சொல்வது உயர்தரம் படிக்கும் எனது வேலையல்ல. ஆனால் தன் வீட்டில் பகடையை அனுமதிக்காத ஒரு தாய் அந்த இல்லத்தில் இருக்கலாம். பிள்ளை ஆசையோடு தூக்கிவரும் பெட்டியைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலைக்கு அவரை நாம் தள்ளக் கூடாது. அவருக்கு இருக்கும் அதிகாரம் ஏற்கெனவே குறைவு. பகடை இல்லாத விளையாட்டுகளும் தேவையான அளவு இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

அப்படியானவை எவை? டாம் உண்டு. இருவர் போதும், கால் மணி நேரத்தில் முடியும், எழுத்து வாசிக்கத் தேவையில்லை. தமிழ் பேசும் பிள்ளையும் சிங்களம் பேசும் பிள்ளையும் ஒரு சொல்லும் பேசாமலே ஆடலாம். ஒரே கூரையின் கீழ் எல்லாச் சமூகத்தவரும் தங்கக் கூடிய இடத்தில் இது சிறிய நன்மையல்ல.

ஆடுபுலி ஆட்டம் உண்டு. 3 புலி, 15 ஆடு. தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். சேர்ந்து நிற்கும் ஆடுகள் புலியை நகர விடாமல் அடைத்துவிடும். இதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வேண்டுமானால் பக்கம் மாறி அவர்களே புலியாகவும் இருந்து பார்க்கட்டும்.

பல்லாங்குழியும் உண்டு. இரு வரிசையில் 14 குழிகள். சிங்களத்தில் ‘ஒலிந்த கெலிய’ என்பார்கள். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் அவர்களும் ஆடுவது. ஆனால் இதில் ஒரு கவனம் வேண்டும். ஒலிந்த என்பது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகான அந்த விதையைக் கடித்து விழுங்கினால் அது கொடிய நஞ்சு. ஆகவே குன்றிமணியை ஒருபோதும் அனுப்பக் கூடாது. புளியங்கொட்டையும் சின்னப் பொத்தானும்கூட மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தொண்டையில் சிக்கலாம். பெரிய காய்களே நல்லது.

எல்லோரும் சேர்ந்து வெல்லும் விளையாட்டுகளும் உண்டு. ஜெர்மனியில் 1986இல் வெளிவந்த ‘பழத்தோட்டம்’ என்ற விளையாட்டில், காகம் வந்து சேரும் முன் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பழங்களைப் பறித்து முடிக்க வேண்டும். வென்றால் எல்லோரும் வெல்வார்கள், தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். தோற்றால் அடி விழும் என்று பழகிய பிள்ளைக்கு இது எவ்வளவு ஆறுதல்! அந்தப் பெட்டியைத் தேடி அலையத் தேவையில்லை. பிரிஸ்டல் போர்டில் மாங்காய், அன்னாசி, குடை, சாவி என்று 12 சோடிப் படங்கள் வரைந்து கவிழ்த்து வையுங்கள். ‘எல்லோருமாகச் சேர்ந்து 30 தடவைக்குள் எல்லாச் சோடியையும் கண்டுபிடிக்க வேண்டும்’ என்று விதி வையுங்கள். அதுவும் கூட்டாக வெல்லும் ஆட்டம்தான். களைத்துப்போன தாயும் பாயில் சாய்ந்தபடியே அதில் சேர்ந்துகொள்ளலாம். தாய் சேர்ந்து விளையாடக் கூடியதா என்பதையே நான் முதல் தகுதியாக வைப்பேன். பல நாட்களாகத் தாய் அழுவதையும் பயப்படுவதையும் மட்டுமே பார்த்த பிள்ளை, அவர் ஓர் அட்டையைத் தவறாகத் திருப்பிவிட்டுச் சிரிப்பதையும் பார்க்க வேண்டும்.

எமது கல்லூரியில் இதைச் செய்வது கடினமல்ல. மனையியல் பிரிவில் மிஞ்சும் துணித் துண்டுகளில் டாம் கட்டங்களையும் ஆடுபுலிக் கோடுகளையும் தைக்கலாம். துணிப் பலகை சத்தம் போடாது, மடித்தால் உள்ளங்கையளவு. அந்தத் தாய் இல்லத்தை விட்டுப் போகும்போது பையில் வைத்து எடுத்துச் செல்லலாம். வந்த இடத்திலும் போகும் இடத்திலும் மாறாத ஒரு பொருள் பிள்ளையிடம் இருக்கும். ஒவ்வொரு பையிலும் காய்களை எண்ணிப் போட்டு, மேலதிகமாக நான்கு காய்களையும் வைப்போம். விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் எழுதுவோம். சிங்களம் நன்றாகத் தெரிந்த சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள்.

கொடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதாதை கட்டி, வரிசையில் நின்று, பிள்ளையின் கையில் பெட்டியைக் கொடுத்துப் படம் பிடித்து முகநூலில் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேறெங்கும் அது வெறும் விளம்பரமாக இருக்கலாம். இங்கே அது ஆபத்து. ஒரு பிள்ளையின் முகமோ பின்னாலுள்ள மதிலோ போதும், தேடுபவர் கண்டுபிடிக்க. ஆகவே நாம் இல்லத்துக்குப் போகத் தேவையில்லை. பொறுப்பானவர்களிடம் பொதியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். யார் விளையாடினார்கள், என்ன பேசினார்கள் என்று விசாரிக்கவும் வேண்டாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கும்படி கற்றுத்தந்த மார்க்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது.

அன்பின் சகோதரிகளே, அடுத்த தடவை சமூக சேவைக் கழகம் வகுப்பறை வாசலில் பெட்டி வைக்கும்போது, வீட்டிலிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவர நினைத்தால், முதலில் அதைத் திறந்து உங்கள் தம்பியோடோ தங்கையோடோ ஒருமுறை முழுமையாக ஆடிப் பாருங்கள். காய்கள் சரியா, இருபது நிமிடத்தில் முடிகிறதா, தோற்றபோது தங்கையின் முகம் எப்படி இருந்தது என்று கவனியுங்கள். உங்கள் தங்கைக்குக் கொடுக்கத் தயங்கும் ஒன்றை, முகம் தெரியாத அந்தத் தங்கைக்கும் கொடுக்காதீர்கள்.