கூண்டு வைத்தால் வெள்ளாமை மிஞ்சாது

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் நாலு பேர் கூடினால் பேச்சு மயிலில் வந்து நிற்கிறது. ஊன்றிய மக்காச்சோளத்தைச் சால் பிடித்தாற்போல் கிளறித் தின்கிறது. கடலை முளையைப் பிடுங்குகிறது. தக்காளியை ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்த செடிக்குப் போகிறது. ஆயக்குடி கொய்யாத் தோப்புக்காரரைக் கேட்டால் கிளியைச் சொல்வார். இதற்கெல்லாம் இப்போது ஒரே மருந்தாகச் சொல்லப்படுவது கூண்டு. ‘கொல்ல வேண்டாம், உயிரோடு பிடித்துக் காட்டில் விட்டுவிடலாம், பாவமும் இல்லை, பயிரும் மிஞ்சும்’ என்கிறார்கள். நஷ்டம் உண்மைதான். அதை மிகைப்படுத்தல் என்பவர் விதைப்புக்கு மறுநாள் வயலுக்கு வந்து பார்க்கட்டும். ஆனால் கூண்டு அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

‘உயிரோடு பிடிப்பது குற்றமில்லையே’ என்பது முதல் வாதம். குற்றம்தான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சுடுவதோடு பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை போட்டு இழுப்பது எல்லாமே வேட்டை. முயற்சி செய்தாலே போதும். மயில் முதல் அட்டவணைப் பறவை. வழக்கு நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தபின் கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஒருகாலத்தில் தீங்குயிர்ப் பட்டியலில் கிடந்த காக்கைக்குக்கூட இன்று பாதுகாப்பு உண்டு. தன் வயல், தன் கூண்டு என்ற சமாதானம் நீதிமன்றத்தில் நிற்காது.

உடனே வரும் அடுத்த கேள்வி: ‘காட்டுப்பன்றிக்கு மட்டும் எப்படி அனுமதித்தார்கள்?’ நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டின் எல்லையிலிருந்து தூரத்தை அளந்து ஒரு முறை வகுத்தது: 1 கிலோமீட்டர் வரை தொடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையே சுடலாம். பன்றி முதல் அட்டவணையில் இல்லை, அதனால் இது முடிந்தது. இரண்டாம் அட்டவணை உயிரினம் நின்ற பயிருக்குக் கேடு செய்தால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரச் சட்டத்தில் இடமுண்டு. முதல் அட்டவணைக்கோ மனித உயிருக்கு ஆபத்து, அல்லது அந்த விலங்கு மீள முடியாதபடி முடமாகவோ நோயுற்றோ போய்விட்டது என்றால்தான். கடலையைத் தின்றது என்பது அதில் வராது. நாடாளுமன்றமோ மத்திய அரசோ மாற்றினாலொழிய மாவட்ட ஆட்சியரால் மாற்ற முடியாது. அவரிடம் கூண்டு கேட்பது மனுவுக்கும் நேரத்துக்கும் நஷ்டம்.

சரி, சட்டத்தை ஒதுக்கிவைத்தே பார்ப்போம். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர், பட்டறைகளுக்கா பஞ்சம்? கூண்டு செய்வது சுலபம். வெளிநாட்டில் காக்கைக்கும் மைனாவின் இனமான ஸ்டார்லிங்குக்கும் வைக்கும் பெரிய கூண்டின் சூட்சுமம் அதன் கூரையில் இருக்கிறது. கூரையின் நடுப்பகுதி உள்நோக்கித் தாழ்ந்து, அடியில் ஏணிப்படி போல இடுக்குகள் விட்டிருக்கும். பறவை இறக்கையை மடக்கிக்கொண்டு இடுக்கு வழியாக உள்ளே குதித்துவிடும். வெளியேற இறக்கையை விரித்தாக வேண்டும், விரித்தால் இடுக்கு தடுக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் உள்ளே ஏற்கெனவே நாலைந்து பறவைகள் நின்று மேய்ந்தால்தான் வெளியே இருப்பவை நம்பி இறங்கும். அந்தப் பறவைகளுக்கு நாள்தோறும் தண்ணீர், இரை, நிழல் வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு பகல் மறந்தால் கம்பிவலைக்குள் கருவாடுதான். மயிலின் பாடு இன்னும் மோசம். நீண்ட கால், கனத்த உடம்பு, முட்டி மோதும் பதற்றம். பிடிபட்ட அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து, விடுவித்த பிறகும் செத்துப்போகும் ஆபத்து உண்டு. ‘பாவமில்லாத வழி’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகிறது. தவிர, கூண்டுக்குள் கம்பைப் பார்த்துவிட்டு கௌதாரியும் காடையும் நுழையும். அவற்றுக்கு ஆள்மாறாட்டம் என்று வாதாட வக்கீல் கிடையாது.

‘காட்டில் விட்டால் தீர்ந்தது’ என்பதுதான் இந்த வாதத்தின் உயிர்நாடி. எந்தக் காட்டில்? சிறுமலையின் அடர்காடு மயில் விரும்பும் இடமல்ல. முட்புதர், தரிசு, அதை ஒட்டிய தோட்டம், ஒரு சொட்டுநீர்க் குழாய்: இதுதான் அதன் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தை நாம்தான் சமவெளி முழுக்க உண்டாக்கி வைத்திருக்கிறோம். மானாவாரி நிலம் தரிசாகி சீமைக்கருவேல் மூடியது. முட்டையையும் குஞ்சையும் தின்று கட்டுக்குள் வைத்த குள்ளநரி அருகிப்போனது. 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை மயிலின் பெருக்கத்தை 150 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறது. இந்தப் பெருக்கத்தில் பத்துப் பறவையைப் பிடித்து வேனில் ஏற்றினால் பக்கத்துப் புதரிலிருந்து வேறு பத்து அந்த இடத்துக்கு வரும். விட்ட இடத்துக்கு அருகிலும் ஒரு விவசாயி இருப்பார்; அவர் மனு எழுதுவார். கிளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடைய ஒரு மரம், மேய ஒரு தோப்பு என்று தினமும் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் பறவைக்கு விடுதலை விழா நடத்திவிட்டு வீடு திரும்புவதற்குள் அது தோப்பில் இருக்கும். அது திரும்பாவிட்டால் இன்னும் கவலைப்பட வேண்டும்: பிடித்த கிளி காட்டுக்குப் போகாமல் கள்ளச்சந்தைக்குப் போயிருக்கும்.

வெளிநாட்டு உதாரணமும் காட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2006 முதல் பொதுமக்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து கூண்டு வைத்துப் பறவை பிடிக்கிறார்கள், உண்மை. பிடிபடுவது எது தெரியுமா? நம்ம ஊர் நாகணவாய், அதாவது மைனா. அங்கே அது வந்தேறி. பிடித்ததை அவர்கள் விடுவிப்பதில்லை, கொல்கிறார்கள். அதை இங்கே உதாரணம் காட்டுபவர் அந்தப் பாதியைச் சொல்வதில்லை. அதே மைனாவும் கரிச்சானும் நம் வயலில் புழு பொறுக்குகின்றன. 2018இல் தமிழகத்துக்குள் நுழைந்து மக்காச்சோளக் குருத்தைக் குடைந்த படைப்புழுவை நினைத்துப் பாருங்கள். அதற்கு எதிராக வயலில் பறவை வந்து உட்காரக் குச்சி நடச் சொல்கிறது வேளாண் துறை. ஒரு வரப்பில் குச்சி, அடுத்த வரப்பில் கூண்டு என்றால் எதை நம்பிப் பறவை வரும்?

பின் என்னதான் வழி? வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசி விரட்டினாள். குறிஞ்சிப்பாட்டில் தட்டை, குளிர், தழல் என்று கிளி ஓட்டும் கருவிகளே வருகின்றன. காவல்தான் மூல வைத்தியம், அதுவும் வருஷம் முழுக்க அல்ல. மக்காச்சோளத்துக்கு ஊன்றிய முதல் பத்துப் பதினைந்து நாள், பிறகு கதிர் பால் பிடிக்கும் பருவம். அந்த நாட்களில் வரப்போரம் பழைய சேலையோ மீன்வலையோ கட்டினாலே மயில் தயங்குகிறது. மினுங்கும் நாடாவும் வெடிச் சத்தமும் சில நாளில் பழகிப்போகும். மாற்றி மாற்றிப் போட வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் எல்லோருக்கும் பங்காகிக் குறையும். கொய்யாவுக்கும் திராட்சைக்கும் மேல்வலைதான் நம்பகமானது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் பறவைத் தடுப்பு வலைக்குப் பாதிச் செலவு மானியம் உண்டு. தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆள் கூலிக்கு எங்கே போவது என்பவரின் கேள்விக்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. காவல் செலவு விவசாயி தலையில் மட்டும் விழுவது அநியாயம். 2018இல் மதுரை மருதன்குளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் விஷத்தில் செத்ததை எல்லோரும் கண்டித்தோம். கண்டித்தால் மட்டும் போதாது. தேசியப் பறவைக்குத் தீனி போடுவது தேசம் என்றால், அதற்கான பில்லும் தேசத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மனுவில் கூண்டு என்பதை அடித்துவிட்டு, மானாவாரி வயலுக்கும் வலை மானியம், மயில் சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் மூன்று நாளுக்குள் நேரில் வந்து பதிவது, அந்தப் பதிவின்மேல் இழப்பீடு என்று எழுதுங்கள்.